அப்பாவின் முதுகில் ஏற்றிய ஊசி

என் கிளினிக்குக்கு வருகிற ஆண்களில் மீசை பெரிதாக இருப்பவர்கள்தான் முதலில் மயங்கி விழுவார்கள். கேலிக்குச் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன். மதுரை காளவாசலில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். கழுத்துவலி, இடுப்புவலி, கால் மரத்துப்போகிறது என்று வருவார்கள். விரலால் அழுத்திப் பார்த்து, தசையில் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பேன். பிறகு முடி மாதிரி மெல்லிய ஊசியை அந்த முடிச்சுக்குள் இறக்குவேன். மருந்து கிடையாது, வெறும் ஊசி. சரியான இடத்தில் பட்டால் தசை தானாக ஒருமுறை துள்ளும். துள்ளிய பிறகு முடிச்சு இளகும், வலி இறங்கும்.

"மருந்தே இல்லையா? அப்புறம் எதுக்கும்மா குத்துறீக?" என்று கேட்காத ஆளே இல்லை.

"சும்மா, ஒரு ஆசைக்குத்தான்" என்பேன். சிரிப்பார்கள். அது முழுப் பொய்யில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

தசை துள்ளுகிற அந்த நொடியில், படுத்திருப்பவர் யாராக இருந்தாலும் "ஆத்தாடி" என்று ஒரு சத்தம் போடுவார். பேங்க் மேனேஜரும் போடுவார், இன்ஸ்பெக்டரும் போடுவார். வாசலில் நிற்கும்போது என்னை 'ஏம்மா' என்று கூப்பிட்டவர், மேஜையில் குப்புறப் படுத்ததும் 'டாக்டரம்மா' என்பார். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலையில் வருகிற முதல் ஆள் சத்தமே போடாமல் எழுந்து போனால் எனக்கு அன்றைக்குப் பொழுது சரியாகப் போகாது.

நான் பிறந்த வீட்டில் அந்தச் சத்தத்துக்குத் தடை இருந்தது. தடை போட்டவர் அப்பா.

மதுரைக்கு மேற்கே, வாய்க்கால் பாசனமுள்ள ஒரு ஊர். அப்பா பிறத்தியார் வயலில் கூலிக்கு நின்று, பிறகு குத்தகைக்கு வாழை போட்டவர். நான் நாலாவது படிக்கும்போது குதிகாலில் கருவேல முள் ஏறிவிட்டது. அப்பா என் காலைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஊக்கால் நோண்டினார். நான் கத்தினேன். உடனே நோண்டுவதை நிறுத்தி, ஊக்கை மடக்கிச் சட்டையில் மாட்டிக்கொண்டார்.

"அழுகைய நிப்பாட்டிட்டு வா. அப்பறம் எடுப்போம்."

அன்றைக்கு நான் நிறுத்தவில்லை. அவரும் எடுக்கவில்லை. மறுநாள் வீங்கிய காலோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். சாயங்காலம் நானே போய் அவர் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தேன். உதட்டை உள்ளுக்குள் மடித்துக் கடித்துக்கொண்டேன். அவர் நிதானமாக நோண்டி எடுத்தார். சீழோடு வந்தது முள். அம்மா அடுப்படியில் இருந்தாள், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் பார்த்து 'வலிக்குதா' என்று கேட்டதில்லை. பிற்பாடு, நாள் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்டே சோறு தின்கிற தொழிலுக்கு நான் வந்து சேர்ந்தேன்.

அப்பா மற்றவர்களுக்குப் போட்ட சட்டத்தைத் தனக்கும் போட்டுக்கொண்டவர். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் வருஷா வருஷம் அவர் அலகு குத்துவார். ஆள் உயரத்துக்கு மேல் நீளமுள்ள வேல், ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியேறும். வேலின் இரண்டு பக்கத்தையும் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. மற்ற நாளெல்லாம் அவரை 'டேய்' என்று கூப்பிடுகிற பண்ணை வீட்டுப் பெண்கள் அன்றைக்கு மட்டும் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நிற்பார்கள், அவர் காலில் ஊற்றிவிட்டுக் கும்பிடுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் மிச்ச நாளெல்லாம் உயிரோடு இருந்தார் என்று நான் நினைக்கிறேன்.

போன திருவிழாவில் பாதித் தெருவிலேயே அவருடைய வலது கை இறங்கிவிட்டது. காலமெல்லாம் வாழைத்தார் சுமந்த தோள். வேல் ஒரு பக்கமாகச் சாய, யாரோ ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்கள். "வயசாயிருச்சு, அடுத்த வருசம் எளவட்டப் பயகளுக்கு விட்டுருவோம்" என்று கமிட்டி ஆள் ஒருவர் அவர் காதுபடச் சொன்னாராம். இந்த வருஷத் திருவிழா நெருங்கும்போதுதான், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அப்பா என் கிளினிக் மாடிப்படி ஏறினார்.

"கை தலைக்கு மேல போக மாட்டேங்குது. எதையாச்சும் பண்ணு" என்றார். வலிக்கிறது என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

அழுத்திப் பார்த்தேன். வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு நெடுகப் புளியங்கொட்டை புளியங்கொட்டையாக முடிச்சுகள். இன்னொருவராக இருந்தால் நான் விரலை வைத்ததுமே மேஜையை விட்டு எழுந்திருப்பார். அன்றைக்குச் சின்ன ஊசிதான் எடுத்தேன், முறையாகத்தான் போட்டேன். தசை நன்றாகத் துள்ளியது. அவர் துள்ளவில்லை.

"வலிக்குதாப்பா?"

"இல்ல."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே, "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. இதுக்கா அஞ்சு வருசம் படிச்ச?" என்றார்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னேன்.

அதற்குள் ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டியவர் விரதம் இருக்க வேண்டும். ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. முக்கியமாக, அலகு ஏறுகிறவரைக்கும் அந்த உடம்பில் வேறு இரும்பு படக்கூடாது. சவரம் கிடையாது, நகம் வெட்டக்கூடாது. அப்பா போன் செய்து, இனி வர முடியாது என்றார்.

"கை ஏறுதா?" என்று கேட்டேன்.

"காது வரைக்கும் ஏறுது."

"காது வரைக்கும் ஏறி என்ன செய்ய? அந்த வேலத் தாங்க எம்புட்டு ஏறணும்னு ஒங்களுக்கே தெரியும். ஒரு தடவ வந்துட்டுப் போங்க."

"ஒடம்புல இரும்பு படக்கூடாது தாயி."

"இது இரும்பு இல்லப்பா, ஸ்டீலு. ஆத்தா என்ன காந்தத்த வச்சா பாக்கப் போறா?"

அப்படியே சொன்னேன். எனக்கு அந்த வழக்கம் தெரியும், அதை மீறுவது அவருக்கு என்ன என்பதும் தெரியும். கையும் வேண்டும், காப்பும் வேண்டும் என்று அவர் தவிப்பது போனிலேயே கேட்டது. நான்தான் இழுத்தேன்.

மறுநாள் காலை வந்தார். மஞ்சள் வேட்டியை வீட்டில் வைத்துவிட்டு வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். காப்புக் கயிறு தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை. அம்மாவிடம் வாழைக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தாராம். குப்புறப் படுத்தார். முகத்துக்காக மேஜையில் விட்டிருந்த ஓட்டைக்குள் அவர் முகம் போனது. எதிரே முதுகு மட்டும் இருந்தது. கறுத்து, காய்த்துப்போன முதுகு.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவில் இருக்கிற தசை மெல்லியது. அதன் கீழே விலா எலும்பு, அதற்குக் கீழே நுரையீரல். அங்கே சின்ன ஊசிதான் எடுக்க வேண்டும். தசையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்து, ஊசியைச் சாய்த்து விட வேண்டும். நேராக இறக்கவே கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். அதோடு, படுத்திருப்பவரைப் பேசவிட்டுக்கொண்டே இருங்கள், வலி எப்படி இருக்கிறது என்று அவர் சொல்வதுதான் உங்களுக்கு வழிகாட்டி என்பேன்.

முதல் இரண்டு ஊசி முறைப்படி போட்டேன். தசை துள்ளியது.

"வலிக்குதாப்பா?"

"இல்ல."

மூன்றாவது ஊசியை இன்னும் கொஞ்சம் மேலே வைத்தேன். "இப்ப?"

"இல்ல."

ஓட்டைக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலில் ஒரு ஏளனம் இருந்தது. இருந்ததாக எனக்குப் பட்டது. நான் டிராயரைத் திறந்து, இடுப்புக்கும் தொடைக்கும் வைத்திருக்கிற நீள ஊசிப் பாக்கெட்டைக் கிழித்தேன். எதற்கு எடுத்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வர வேண்டும், ஒரே ஒரு சத்தம். நாலாம் வகுப்புப் பிள்ளை உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அவளுக்காக. கிள்ளிப் பிடிக்கவில்லை, சாய்க்கவில்லை. நேராக இறக்கினேன்.

"இப்ப?"

காப்புக் கட்டிய கை மேஜை விளிம்பைப் பிடித்தது. "இல்ல."

இன்னும் இறக்கினேன். கெட்டியாக இருந்தது திடீரென்று விட்டுக்கொடுத்தது. ஊசி முனையில் எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது. அவருக்கு மூச்சு ஒருமுறை பாதியில் நின்றது. மெதுவாக உருவினேன்.

எழுந்து உட்கார்ந்தார். ஒரு இருமல் இருமினார். தண்ணீர் கொடுத்தேன், விரதம் என்று மறுத்துவிட்டார். பிறகு வலது கையைத் தூக்கினார். காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, நேராகப் போய் நின்றது கை. அதை அண்ணாந்து பார்த்தார். என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"பரவாயில்ல. படிச்சதுக்கு ஒரு பிரயோசனம் இருக்கு" என்றார்.

அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. என்ன நடந்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும். நாலு கடை தள்ளி எக்ஸ்ரே எடுக்கிற இடம் இருந்தது. "ஒரு நிமிசம் வாங்கப்பா, நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துருவோம்" என்று சொன்னால் முடிந்தது. ஆனால் ஏன் என்று கேட்பாரே. அந்தப் பாராட்டை என் வாயாலேயே திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பஸ் ஸ்டாப் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா போன் செய்தாள். "ஒங்கப்பாவுக்கு மூச்சு வாங்குதுடி. நாலு எட்டு வச்சா நின்னுக்கிறாரு. படுத்தா முதுகத் தேய்ச்சு விடச் சொல்றாரு. என்னன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குறாரு."

என் பாடப்புத்தகத்தில் எழுதியிருந்ததை அம்மா வரிசை மாறாமல் சொன்னாள். நான், "பட்டினி கெடந்து தரையில படுத்தா இந்த வயசுல மூச்சு வாங்காம என்ன செய்யும்? திருவிழா முடிஞ்சா சரியாப் போகும்" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டேன். அன்றைக்கு எல்லோருக்கும் ஊசியைச் சாய்த்தே போட்டேன்.

திருவிழா அன்று காலையில் ஊருக்குப் போனேன். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு லேசாகக் கறுத்திருந்தது. சட்டையில்லாத நெஞ்சில் இடது பக்கம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, வலது பக்கம் ஏறவே இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்பா. இப்பவே."

"போயி?"

"ஊசி போட்டதுல..." என்று ஆரம்பித்தேன்.

"சத்தம் போடாத." அம்மா பக்கம் பார்த்துக்கொண்டார். மூன்று சொல்லுக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்கிப் பேசினார். "காப்புக் கட்டுன ஒடம்புல இரும்பு பட்டுருச்சுல்ல. ஆத்தா நெஞ்சுல ஏறி உக்காந்திருக்கா. வேலச் சொமந்து எறக்கிட்டா விட்டுருவா. ஊரு முன்னாடி நான் ஊசி போட்டுக்கிட்டேன்னு சொல்லச் சொல்றியா?"

"ஆத்தா இல்லப்பா, நான்தான் நுரையீரலக் குத்திட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாசலில் போய் நின்று ஊருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவரை இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அலகு போயிருக்கும், அவர் பெயர் போயிருக்கும். என் கிளினிக்கும் போயிருக்கும். இதில் முதல் இரண்டுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று கொஞ்சகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொட்டு அடித்தார்கள். பூசாரி கன்னத்தில் திருநீறைத் தேய்த்து வேலை ஏற்றினார். அப்பா இரண்டு கையையும் உயர்த்தினார். வலது கை இடது கைக்குச் சரியாக நின்றது, ஒரு விரற்கடை இறங்கவில்லை. போன வருஷம் பேசிய கமிட்டி ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தெரு நடந்தார் அப்பா, ஒரே நுரையீரலில். மூன்றாவது தெருத் திருப்பத்தில் ஒரு பெண் குடத்தைச் சாய்த்து அவர் காலில் தண்ணீர் ஊற்றும்போது, முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தார். வேலை நாலு பேர் தாங்கிக்கொண்டார்கள். கொட்டு நின்றது.

"வெரதத்துல கொறை இருக்கு" என்றார் பூசாரி, வேலை உருவிக்கொண்டே.

"கவுச்சி தின்னுருப்பான்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"தின்னது மட்டுமா?" என்று இன்னொருவன் அம்மாவைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மாவுக்கு அறுபது வயது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தண்ணீர் ஊற்றிய பெண் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அப்பாவுக்கு இன்னும் மூச்சுத் திரும்பவில்லை, அதற்குள் அடுத்த வருஷம் அவருக்குக் காப்பு கிடையாது என்று முடிவாகிவிட்டது. நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனோம். சின்ன வயசு டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது நுரையீரல் சுருண்டு மூலையில் கிடந்தது.

"இதோட எப்படிங்க நடந்தீங்க? நெஞ்சுல எங்கயும் அடிபட்டுச்சா? முதுகுல ஊசி ஏதும் போட்டாங்களா?"

அப்பா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினார். கன்னத்து ஓட்டைகளில் திருநீறு அப்பியிருந்தது. "வாழத்தாரு சொமக்கையில வரப்புல விழுந்துட்டேன் சார்."

காப்புக் கயிறு இன்னும் கையில் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு அவர் இன்னொருவரிடம் பொய் சொன்னதை அன்றைக்குத்தான் என் காதால் கேட்டேன். டாக்டர் என்னிடம், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். டைலர் கடை வைத்திருக்கிறேன் என்றேன்.

நெஞ்சில் குழாய் போட வேண்டும் என்றார்கள். மரத்துப்போக மருந்து போட்டுத்தான் செய்வார்கள், ஆனாலும் வலிக்கும். என்னைப் பச்சைத் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே தட்டில் கருவிகள் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆள் கத்தினார். "ஆத்தா" என்று நீளமாக, சின்னப்பிள்ளை கத்துகிற மாதிரி. அது யாருடைய குரல் என்று பிடிபட எனக்குக் கொஞ்சநேரம் ஆனது. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லையே.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

திரையை விலக்கி உள்ளே போனேன். விலாவில் சொருகிய குழாய் கீழே ஒரு பாட்டிலுக்குப் போனது. அதில் குமிழ் குமிழாகக் காற்று வந்துகொண்டிருந்தது. அப்பாவின் முகம் வேர்த்திருந்தது. என்னைப் பார்த்தார். கோபமில்லை, அதுதான் தாங்க முடியாமலிருந்தது.

"ரெண்டாவதா ஒரு பாக்கெட்டக் கிழிச்சியே. அந்தச் சத்தம் கேட்டுச்சு" என்றார். "முன்னாடி போட்டதவிட நீளம்னு ஏறும்போதே தெரிஞ்சுச்சு. போதும்னு நீயே நிப்பாட்டுவன்னு நெனச்சேன்."

என்ன கேட்பது என்று தெரியாமல், ஒரு நாளைக்கு நூறுதரம் கேட்டுப் பழகிய கேள்விதான் வாயில் வந்தது.

"வலிக்குதாப்பா?"

கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை அவர் இல்லை என்று சொல்லவில்லை.

"ஒனக்கு எம்புட்டு வேணுமோ, அம்புட்டு வலிக்குது தாயி."